பெயரும் எண்ணும்: கணினி தன் கோப்புகளை அடையாளங் காணும் முறை

தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குப் பெயரைப் பற்றிய தொல்லை ஒன்று புதிதன்று. தந்தையின் பெயருக்கு ஓரெழுத்து, தம் பெயர் முழுமையாக என்று எழுதிப் பழகியவர்கள் நாம். வெளி மாநிலத்தில் ஒரு விண்ணப்பத் தாளைக் கையில் வாங்கினாலோ, முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் காத்திருக்கின்றன. ஓர் அலுவலகத்தில் ரா. சுப்பிரமணியனாக இருப்பவர் மற்றோர் அலுவலகத்தில் சுப்பிரமணியன் ராமசாமி ஆகிறார். மூன்றாவது இடத்தில் வெறும் ராமசாமி ஆகித் தம் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறார். ஆள் ஒருவர், பெயர் மூன்று. இதற்கு நேர்மாறாக, ஒரே தெருவில் மூன்று சுப்பிரமணியன்கள் இருப்பதும் உண்டு. பெயர் வேறு, ஆள் வேறு என்பதை நாம் அனுபவத்தால் அறிந்திருக்கிறோம்.

கணினிக்கும் இதே சிக்கல் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ், ஊரிலுள்ள நிலத்தின் பத்திரப் படி, காலஞ்சென்ற பெற்றோரின் புகைப்படங்கள் ஆகிய யாவும் இன்று நம் இல்லங்களில் கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றைத் திறப்பதும் காட்டுவதும் படியெடுப்பதும் காப்பதும் செயலிகளின் வேலை. ஒவ்வொரு செயலியும் நாள்தோறும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: 'இப்பொழுது என் முன் இருக்கும் கோப்பும் நேற்று நான் பார்த்த கோப்பும் ஒன்றுதானா?' இதற்குத் தவறான விடை கிடைத்தால் ஒரே படம் இரண்டு முறை சேமிக்கப்படலாம். அது சிறு நட்டம். காக்க வேண்டிய கோப்பு காக்கப்படாமல் விடுபடலாம். இருக்கும் கோப்பே அழிந்தும் போகலாம். அது ஈடு செய்ய முடியாத நட்டம். இந்தக் கேள்விக்குக் கணினி எவ்வாறு விடை காண்கிறது என்பதை இன்றைய உரையில் ஆராய்வோம்.

கோப்புக்குப் பெயர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கத் தோன்றும். நாம் கோப்பைத் தேடும்போது ஒரு கோப்புறையைத் திறந்து, அதனுள் மற்றொன்றைத் திறந்து, இறுதியில் கோப்பின் பெயரைக் காண்கிறோம். இது வழி கேட்டுச் செல்வதைப் போன்றது. 'பிள்ளையார் கோயிலைத் தாண்டி இரண்டாம் சந்து, அதில் மூன்றாம் வீடு' என்று சொன்னால் வீட்டை அடையலாம். ஆயினும் அந்த வாசகம் வீடு ஆகிவிடாது. நாளை வேறொரு வழி திறந்தாலும், வீட்டுக்காரர் மாறினாலும், வாசகம் வாசகமாகவே இருக்கும். கோப்பின் பெயரும் அதற்குச் செல்லும் வழியைச் சொல்கிறதேயன்றி, கோப்பு இன்னதென்று சொல்வதில்லை.

இதைத் தெளிவாக உணர்ந்து ஓர் அமைப்பை வகுத்தவர்கள் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஆவர். 1969-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில், வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. அதற்கு ஐநோடு என்று பெயர். அந்தப் பெயரின் முதலில் நிற்கும் 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் கேட்டபோது, 'இண்டெக்ஸ்', அதாவது அட்டவணை என்பதாக இருக்கலாம் என்று ரிச்சியே ஊகமாகத்தான் சொன்னார். கோப்பின் அளவு என்ன, உடையவர் யார், படிக்கவும் எழுதவும் உரிமை பெற்றவர் யார், கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டது, அதன் உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் கிடக்கிறது ஆகிய செய்திகள் எல்லாம் அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று மட்டும் அதில் இராது: கோப்பின் பெயர்.

பெயர் எங்கே இருக்கிறது? கோப்புறையில் இருக்கிறது. கோப்புறை என்பது உண்மையில் ஒரு பட்டியலே. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும் ஓர் ஐநோடு எண்ணும் இருக்கும். தொடக்ககால யூனிக்ஸில் ஒரு வரிக்கு 16 பைட்டு இடம். அதில் 2 பைட்டு எண்ணுக்கு, எஞ்சிய 14 பைட்டு பெயருக்கு. அவ்வளவுதான். செயலி ஒன்று பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கக் கேட்டால், முறைமை பட்டியலைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்து, எண்ணைக் கொண்டு சீட்டை எடுத்து, சீட்டைக் கொண்டு உள்ளடக்கத்தை எடுத்துத் தருகிறது. இன்று லினக்ஸ் கணினிகளில் வழங்கும் ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமையும் இந்த அடிப்படையிலேயே நிற்கிறது.

பெயரையும் சீட்டையும் இவ்வாறு பிரித்து வைத்ததனால் விளைந்த பயன்கள் பல. கோப்பின் பெயரை மாற்றினால் பட்டியலில் ஒரு வரி மாறுகிறது, எண் மாறுவதில்லை. ஒரே வட்டுக்குள் ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தினாலும் எண் மாறாது. ஆயிரம் மணி நேரம் ஓடும் திரைப்படமாயினும் அது கண் இமைக்கும் நேரத்தில் இடம் மாறுவது இதனால்தான். உள்ளடக்கம் நகரவேயில்லை, பட்டியலில் எழுத்து மட்டுமே நகர்ந்தது.

மற்றொரு விளைவும் உண்டு. இரண்டு பட்டியல்களில் இரண்டு வேறு பெயர்களுக்கு எதிரே ஒரே எண்ணை எழுதி வைக்கலாம். அப்பொழுது ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் ஆகின்றன. இவற்றுள் இது மூலம், அது நகல் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டும் சம உரிமையுள்ள பெயர்கள். எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற கணக்கை ஐநோடு வைத்திருக்கிறது. ஒரு பெயரை நீக்கினால் கணக்கில் ஒன்று குறையும். கணக்குச் சுழியமாகி, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயலி எதுவும் இல்லை என்றான பின்னரே கோப்பு மெய்யாக மறைகிறது. ஆதலால் யூனிக்ஸில் கோப்பை நீக்கும் அடிப்படைக் கட்டளைக்கு 'அழி' என்று பெயரிடாமல் 'அன்லிங்க்', அதாவது 'கட்டை அவிழ்' என்று பெயரிட்டனர். பொருத்தமான பெயர் அன்றோ!

அப்படியானால் ஐநோடு எண்ணே கோப்பின் அடையாளம் என்று முடிவு செய்துவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். இதை விளக்க நமக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊரில் உள்ள நிலத்திற்கு வில்லங்கச் சான்று வாங்க முயன்றவர்கள், 'பத்திரத்தின் எண் என்ன?' என்று எழுத்தர் கேட்பதை அறிவார்கள். எண் 1452 என்று சொன்னால் போதாது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று கேட்பார். மன்னார்குடியிலும் ஒரு 1452 இருக்கும், கும்பகோணத்திலும் ஒரு 1452 இருக்கும். அலுவலகத்தைச் சொன்ன பின்னரும் எந்த ஆண்டு என்று கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது அல்லவா? எண், அலுவலகம், ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிப் பத்திரம் இன்னதென்று உறுதியாகாது. கோப்பின் நிலையும் இதுவே.

முதலில் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஐநோடு எண் ஒரு வட்டுக்குள், இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு கோப்பு முறைமைக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. ஈஎக்ஸ்டி4 முறையில் அமைந்த வட்டு ஒவ்வொன்றிலும் தலைக் கோப்புறையின் எண் 2 ஆகவே இருக்கும். ஒரே கணினியில் அத்தகைய வட்டுகள் மூன்று இருந்தால், 2 என்ற எண்ணுடையவையும் மூன்று இருக்கும். ஆகவே செயலி ஒன்று கோப்பைப் பற்றி விசாரிக்கும்போது, இயக்க முறைமை ஐநோடு எண்ணுடன் அந்த வட்டைக் குறிக்கும் எண்ணையும் சேர்த்தே தருகிறது. இவ்விரண்டும் ஒத்திருந்தால், அந்த நேரத்தில், இரண்டு பெயர்களும் ஒரே கோப்பைச் சுட்டுகின்றன என்று செயலி துணியலாம்.

இந்த இணை எண்களால் நாம் அறியாமலே காக்கப்படுகிறோம். படியெடுக்கும் நிரல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அது படி எழுதப்பட வேண்டிய கோப்பை முதலில் வெறுமையாக்கிக்கொண்டு, பிறகு மூலத்திலிருந்து படித்து எழுதத் தொடங்கும். மூலம் என்றும் படி என்றும் நாம் சொன்ன இரண்டு பெயர்களும் ஒரே கோப்பின் பெயர்களாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஓர் எழுத்தையும் படிப்பதற்கு முன்பே உள்ளடக்கம் முழுவதும் போய்விடும். ஆகையால் யூனிக்ஸ் வழியில் வந்த படியெடுக்கும் கட்டளை முதலில் இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 'இவை ஒரே கோப்பு' என்று சொல்லி மறுத்துவிடுகிறது. வட்டில் எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று கணக்கிடும் நிரலும் ஒரே கோப்பை இருமுறை எண்ணாமல் இருப்பதற்கு இந்த இணையையே நம்புகிறது.

இனி ஆண்டுக்கு வருவோம். கோப்பு ஒன்று மறைந்தால் அதன் ஐநோடு வெறுமையாகிறது. வெறுமையான சீட்டை வீணாக்குவதில்லை. அடுத்துப் பிறக்கும் கோப்புக்கு அதே எண் கிடைக்கக்கூடும். நேற்று 1452 என்ற எண்ணைக் குறித்து வைத்த செயலி இன்று வந்து பார்த்தால் 1452 இருக்கிறது; ஆனால் அது பெற்றோரின் புகைப்படம் அன்று, ஏதோ ஒரு கடைச் சீட்டு. வீட்டு எண் அதே, குடியிருப்பவர் வேறு.

இந்தக் குறையைத் தீர்க்க முறைமைகள் தலைமுறை எண் ஒன்றைச் சேர்த்தன. சீட்டு ஒவ்வொரு முறை புதிய கோப்புக்குத் தரப்படும்போதும் இந்த எண் மாறும். விண்டோஸ் என்டி 1993-இல் வெளிவந்தபோது அதனுடன் வந்த என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் இது வெளிப்படையாகவே அமைந்திருக்கிறது. அங்கே கோப்பின் அடையாளம் 64 பிட்டு நீளமுள்ளது. அதில் 48 பிட்டு சீட்டின் எண், எஞ்சிய 16 பிட்டு அந்தச் சீட்டு எத்தனையாவது முறை பயன்படுகிறது என்பதைக் காட்டும் வரிசை எண். பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டதைப் போன்றது இது.

தலைமுறை எண்ணின் அருமை வலையமைப்பில் நன்கு விளங்கும். 1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ் என்னும் முறையை வெளியிட்டது. ஒரு கணினியின் வட்டில் உள்ள கோப்பைத் தொலைவிலுள்ள மற்றொரு கணினி தன்னுடையதைப் போலப் பயன்படுத்த அது வழி செய்தது. கோப்பைத் திறந்த கணினிக்கு, வட்டு, ஐநோடு, தலைமுறை ஆகிய மூன்றையும் பொதிந்த ஒரு சீட்டுத் தரப்படும். இதற்கிடையில் வேறொருவர் அந்தக் கோப்பை நீக்கி, அதே ஐநோடு வேறு கோப்புக்குப் போயிருந்தால், பழைய சீட்டுடன் வருபவருக்குப் புதியவருடைய கோப்பு தரப்படுவதில்லை. 'உன் சீட்டுக் காலாவதியாகிவிட்டது' என்ற விடையே கிடைக்கும். பிறருடைய தாளைத் தவறுதலாக நம்மிடம் நீட்டுவதைவிட, 'நீங்கள் கேட்டது இப்பொழுது இல்லை' என்று எழுத்தர் உண்மையைச் சொல்லிவிடுவது மேல் அல்லவா?

எல்லா முறைமைகளும் இத்தகைய எண்ணை உடையவை அல்ல என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நாம் சட்டைப் பையில் எடுத்துச் செல்லும் பென் டிரைவுகளில் பெரும்பாலும் காணப்படும் ஃபேட் வகை முறைமையில் ஐநோடு என்பதே கிடையாது. கோப்பைப் பற்றிய குறிப்புகள் யாவும் பெயரோடு சேர்த்துக் கோப்புறையிலேயே எழுதப்படுகின்றன. செயலி எண்ணைக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்ப முடியாதே! லினக்ஸ் அந்நேரத்தில் தானே ஓர் எண்ணைப் படைத்துத் தருகிறது. பென் டிரைவைக் கழற்றி மறுபடியும் செருகினால் அந்த எண் மாறிவிடக்கூடும். அதை நிலையான அடையாளம் என்று நம்பிக் குறித்து வைக்கும் செயலி ஏமாற்றம் அடையும்.

இதுவரை சொன்னதிலிருந்து, பெயரை விட்டு எண்ணையே பற்றிக்கொள்வது அறிவுடைமை என்று தோன்றலாம். அதுவும் முழு உண்மை அன்று. கடிதம் எழுதும் செயலி ஒன்றில் நாம் பழைய கடிதத்தைத் திருத்திச் சேமிக்கிறோம். நடுவில் மின்சாரம் நின்றால் பாதிக் கடிதம் பாழாகிவிடக் கூடாதே என்று அஞ்சிச் செயலிகள் பலவும் ஒரு தந்திரம் செய்கின்றன. திருத்திய கடிதத்தை வேறு பெயரில் புதிய கோப்பாக முழுமையாக எழுதி முடித்து, அதன்பின் அந்தக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. நம் கண்ணுக்கு அது அதே கடிதம். எண்ணைப் பார்த்தாலோ முற்றிலும் புதிய கோப்பு. பெயரை மாற்றியபோது பெயர் போய் எண் நின்றது. இங்கே எண் போய்ப் பெயர் நிற்கிறது.

எனவே கோப்பு ஒன்றுதானா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்தச் சீட்டுக்குரிய கோப்பு எங்கே சென்றாலும் வேண்டும் என்பது ஒன்று. அந்தப் பெயரில் இப்பொழுது எது இருக்கிறதோ அது வேண்டும் என்பது மற்றொன்று. ஆப்பிள் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சிஸ்டம் 7-இல் 'ஏலியஸ்' என்ற வசதி அறிமுகமாயிற்று. கோப்பைச் சுட்டும் அந்தக் குறிப்பில் செல்லும் வழி, எண் ஆகிய இரண்டும் பதிவாகும். தொடக்கத்தில் எண்ணைக் கொண்டு தேடி, அது கிடைக்காவிட்டால் வழியைக் கொண்டு தேடும் வழக்கம் இருந்தது. மேக் ஓஎஸ் 10.2-இல் இந்த வரிசையை மாற்றி, வழியை முதலிலும் எண்ணை அடுத்தும் வைத்தனர். ஒரே நிறுவனம், ஒரே வசதி. விடை மட்டும் மாறியது. ஏனெனில் எது முதன்மை என்பது வட்டு சொல்லித் தருவதன்று. பயன்படுத்துவோரின் நோக்கம் சொல்லித் தருவது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பெயரையும் எண்ணையும் விட்டு, உள்ளடக்கத்தையே அடையாளமாகக் கொள்வது அது. கோப்பின் எழுத்துகள் அனைத்தையும் ஹாஷ் என்னும் கணக்குக்கு உட்படுத்தி, அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகும். 2005-இல் லைனஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' என்னும் முறைமை, எஸ்எச்ஏ-1 என்ற கணக்கைக் கொண்டு 160 பிட்டு நீளமுள்ள எண்ணால் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் அடையாளங் காணும்படி அமைந்தது. இந்த எண் எந்த வட்டுக்குச் சென்றாலும், எந்த நாட்டுக்குச் சென்றாலும் மாறாது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. 2017-இல் கூகிள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறுபட்டும் எஸ்எச்ஏ-1 எண் ஒன்றாகவே அமைந்த இரண்டு கோப்புகளைப் படைத்துக் காட்டின. அதன்பின் எஸ்எச்ஏ-256 போன்ற வலிமை மிக்க கணக்குகளையே நாடும் போக்கு வலுத்தது. மேலும் உள்ளடக்கத்தின் அடையாளம் இரண்டு கோப்புகள் ஒத்திருக்கின்றன என்று சொல்லுமேயன்றி, நேற்று நாம் எழுதிய நாட்குறிப்புத்தான் இன்று ஒரு வரி கூடி நிற்கிறது என்று சொல்லாது.

அடையாளத்தைத் தவறாகக் கொள்வதனால் பாதுகாப்புக்கும் ஊறு நேரலாம். அதிகாரம் மிக்க நிரல் ஒன்று ஒரு பெயரைச் சோதித்து, 'இது தீங்கற்ற கோப்பு' என்று துணிகிறது. அடுத்த நொடியில் அதே பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கிறது. அந்த இடைவெளியில் தீயவன் ஒருவன் அந்தப் பெயரை வேறு கோப்பின்மேல் மாட்டிவிட்டால், சோதிக்கப்பட்டது ஒன்று, திறக்கப்பட்டது மற்றொன்று என்றாகிவிடும். நிரல் எழுதுவோர் இதற்குக் கண்ட மாற்று எளியது: முதலில் கோப்பைத் திறந்துகொள், பிறகு கையில் உள்ளதையே சோதி. திறந்த கோப்பு ஐநோட்டோடு பிணைந்தது. அதன்பின் வெளியே பெயரை எவ்வளவு மாற்றினாலும் கையில் உள்ளது மாறாது.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடும் நமக்கென்றே ஒரு சிறப்புச் சிக்கலும் உண்டு. 'கோவை' என்ற பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு முறை. இரட்டைச் சுழிக் கொம்பு ஒரு குறியீடு, கால் மற்றொரு குறியீடு என்று பிரித்து வைப்பது இன்னொரு முறை. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இவ்வாறே. திரையில் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஒருங்குறி விதியும் இரண்டும் ஒன்றே என்கிறது. ஆனால் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வழக்கமான நிலையில் பெயர்களைப் பைட்டு பைட்டாகவே ஒப்பிடுவதால், அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டு 'கோவை' அருகருகே நிற்கலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையிலும் அவ்வாறே. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், குறியைப் பிரித்தே எழுதிக்கொண்டது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் எழுதியவாறே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. ஓர் ஆப்பிள் கணினியிலிருந்து லினக்ஸுக்குக் கோப்புகளைப் படியெடுத்தபின் 'இதே பெயர் இருக்கிறதே, செயலி ஏன் காணவில்லை என்கிறது?' என்று திகைப்பவர்க்குக் காரணம் இங்கே இருக்கக்கூடும். ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டியிருப்பதால், நமக்குக் கிடைப்பவை 85 குறியீடுகளே. மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் குறியும் தனித்தனியே எண்ணப்படும். நீண்ட தலைப்புகளை அப்படியே பெயராக வைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவும் நிரல் எழுதுவோர்க்கு உரிய செய்திதானே, இல்லத்தில் இருப்போர்க்கு என்ன பயன் என்று ஐயுற வேண்டா. இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, இரண்டு பெயர்களைக் கண்டு இரண்டு படிகள் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. 2007-இல் ஆப்பிள் வெளியிட்ட டைம் மெஷின் என்னும் காப்பு வசதி, எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளில் நாளுக்கொரு கோப்புறையாகக் காட்டினாலும், மாறாத கோப்பை ஒரு முறையே வைத்து, நாள்தோறும் அதற்கொரு பெயரை மட்டும் சேர்த்தது. இடத்தை மிச்சப்படுத்தும் அருமையான முறை அது. ஆயினும் முப்பது நாள் கோப்புறைகளில் தெரியும் படம், அந்த வட்டில் ஒரே படம்தான். வட்டு பழுதுபட்டால் முப்பது பெயர்களும் ஒருங்கே போகும். பத்திரத்தின் படியையும் பெற்றோரின் படத்தையும் மெய்யாகக் காக்க விரும்புவோர் வேறொரு வட்டில், கூடுமானால் வேறொரு வீட்டில், மற்றொரு படியை வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு வட்டிலிருந்து மற்றொரு வட்டுக்குக் கோப்பை நகர்த்தினால், அங்கே பிறப்பது புதிய கோப்பு. பழைய எண் உடன் வாராது. பழைய எண்ணை மட்டும் நம்பியிருந்த செயலிகள் அதைக் கண்டுகொள்ளா. மாற்றிய பின்னர்ப் படங்களைத் தொகுக்கும் செயலியும் காப்புச் செயலியும் புதிய இடத்தை அறிந்துகொண்டனவா என்று ஒரு முறை பார்த்துவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, படி சரியாக அமைந்ததா என்ற ஐயம் எழுந்தால் பெயரையும் அளவையும் ஒப்பிடுவது போதாது. உள்ளடக்கத்தின் ஹாஷ் எண்ணை இரண்டு இடத்திலும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அதைக் கணக்கிடும் நிரல்கள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் உடன் வருகின்றன. மூலத்தை அழிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தல் நன்று.

நான்காவது, இணையச் சேமிப்பகங்கள் தமக்கெனத் தனி அடையாளங்களை வைத்திருக்கின்றன. கூகிள் டிரைவில் ஒரே கோப்புறையில் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் இருக்கலாம். அங்கே அடையாளம் சேமிப்பகம் தரும் நீண்ட குறியே. 'பிறப்புச் சான்று' என்று இரண்டு இருந்தால், எது திருத்தப்பட்டது, எது பழையது என்று பெயரைக் கொண்டு அறிய முடியாது. பெயரிலேயே யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதி வைப்பது மனிதராகிய நமக்குப் பேருதவி.

கணினிக்கு எண் போதும். மனிதர்க்குப் பெயர் வேண்டும். காலத்தைக் கடந்து காப்பதற்கு உள்ளடக்கத்தின் சான்று வேண்டும். இம்மூன்றில் எதுவும் மற்ற இரண்டின் வேலையைச் செய்யாது. 'இது அதே கோப்புத்தானா?' என்று செயலி கேட்கும்போது, எந்த வகையில் அதே கோப்பு என்ற கேள்வியையும் உடன் கேட்பதே நல்ல நிரலின் இலக்கணம். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, குடும்பத்தின் தாள்களையும் படங்களையும் ஒரு சிறிய வட்டில் ஒப்படைத்திருக்கும் நாமும், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்து, இருக்கும் படிகள் மெய்யாகவே இரண்டுதானா என்று இந்த வாரத்திற்குள் ஒரு முறை சோதித்துக்கொள்வோமாக.